பூநாரையின் நிறம் யாருடையது?

மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதியில் நின்று நோக்குவோர்க்கு, மாரிக்காலத்தில் ஆழங்குறைந்த உவர்நீரிற் பூநாரைகள் மேயுங் காட்சி புதிதன்று. 2008 இற் சரணாலயமாகவும், 2010 இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட வங்காலையும் அண்மையிலேயே உளது.

விஞ்ஞானபீட நண்பர் ஒருவர் அங்கு ஒரே கூட்டத்தை நண்பகலிலும் அந்தியிலும் படம்பிடித்தார். கணினியிற் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று இலக்கங்களாயிற்று. அந்திப் பறவை மிகச் சிவந்திருந்தது. மாறியது பறவையன்று, வெயில். ஆதலின் அவர் ஒளியை எவ்வளவு தெறிக்கும் என்பது முன்பே அறியப்பட்ட சாம்பல் அட்டையொன்றையும் அவ்வவ் வெளிச்சத்திற் படம்பிடித்திருந்தார். கருவி தானாகச் சேர்க்கும் மெருகை விலக்கி, மூலத்தரவை அட்டையோடு ஒப்பிட்டுத் திருத்தினார். இரு படங்களும் ஏறக்குறைய ஒத்தன. "இதுவே பறவையின் உண்மை நிறம்" என்றார்.

கலைப்பீடத்தானாகிய எனக்கு ஐயம் அங்கேதான் தொடங்கிற்று. கருவியின் மூன்று வடிகள் மனித விழித்திரையின் மூவகைக் கூம்புக் கலங்களை ஒட்டி அமைந்தவை. பறவைகளுட் பெரும்பாலானவற்றுக்கோ அவை நான்கு வகையின. நான்காவது, ஊதா அல்லது புறவூதா ஒளியை ஏற்பது. சாதாரண கருவி புறவூதாவைத் தடுத்துவிடுகின்றது. எனவே நண்பர் அடைந்தது வெயிலின் மயக்கம் நீங்கிய மனிதப் பார்வையேயன்றி வேறன்று. நிறம் பொருளில் உள்ளதன்று, நம்மிடத்து அவ்வுணர்வை எழுப்பும் ஆற்றலே பொருளில் உள்ளது என்றார் 17 ஆம் நூற்றாண்டின் ஜோன் லொக். அந்த 'நம்' என்பதனுட் பூநாரை அடங்குமா?

பூநாரைக் குஞ்சு சாம்பல் நிறத்தது. பாசியிலும் சிறு கூனிகளிலும் உள்ள கரற்றினோயிட்டுகளை உண்டே அது சிவக்கின்றது. அதுமட்டுமன்று, வாலடிச் சுரப்பியின் நிறமூட்டிய நெய்யை அது தன் இறகிற் பூசிக்கொள்வதையும், துணைதேடும் பருவத்தில் அப்பூச்சு மிகுவதையும் ஸ்பானிய ஆய்வாளர் கண்டனர். ஆயின், இந்நிறம் ஒரு பறவை மற்றொரு பறவைக்கு விடுக்கும் செய்தி. அதனை நாம் அளத்தல், பிறர்க்கு எழுதிய மடலைச் சில எழுத்து அறியாதவன் வாசிப்பதை ஒக்கும்.

அளவை வீண் என்பதன்று என் கருத்து. ஒரே முறையில் அளந்தால், ஓராண்டின் சிவப்பு மற்றோராண்டிற் குன்றியதை அறியலாம். இரை குறைந்ததோ என வினவவும் இடமுண்டு. புறவூதாவையும் பதிக்கும் கருவிகொண்டு, பறவைக் கண்ணின் கூம்புகள் எவ்வளவு தூண்டப்படும் எனக் கணிப்போரும் உளர். அதுவும் தூண்டலின் கணக்கேயன்றிக் காட்சியன்று. வௌவாலாய் இருத்தல் எத்தகையது என 1974 இல் தோமஸ் நேகல் எழுப்பிய வினா இங்கும் விடையின்றி நிற்கின்றது.

அட்டவணையின் தலைப்பில் 'மனிதக் கண்ணுக்கு' என்ற இரு சொற்களைச் சேர்க்குமாறு நண்பரை வேண்டினேன். இடமில்லை என்றார்.