பெட்டிக்கு வெளியே இருப்பவர்கள்

குறைமாதத்தில் பிறந்த பிள்ளையை விசாரித்தால், "பெட்டியில வெச்சிருக்காங்க" என்பார்கள் ஆம்பூர்ப் பக்கம். அந்தப் பெட்டி, அதாவது இன்குபேட்டர், பெரும்பாலும் வேலூரில் இருக்கும். தாய் ஆபரேஷன் தையலோடு வேறொரு வார்டில் படுத்திருப்பாள். நாள் தவறினால் கூலி போகும் என்று தகப்பன் தோல் ஷாப்புக்குத் திரும்பியிருப்பான். நடுவே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் நெடுஞ்சாலை. கையில் இருக்கும் போனை வைத்து இந்தத் தூரத்தைக் கடந்துவிடலாமா?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மருத்துவமனை ஒன்று 1997-லேயே இதைச் சோதித்துப் பார்த்தது. 'பேபி கேர்லிங்க்' என்று பெயர். ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த குழந்தைகளின் வீடுகளுக்கு வீடியோ இணைப்பு கொடுத்தார்கள். பெற்றோர் வீட்டில் இருந்தபடியே பிள்ளையைப் பார்த்தார்கள். 2000-இல் முடிவு வெளிவந்தது. சிகிச்சை குறித்து அந்தக் குடும்பங்களுக்கு மனநிறைவு கூடியிருந்தது. ஆனால் அவர்கள் நேரில் வந்ததிலும் பிள்ளையைக் கையில் ஏந்தியதிலும் இணைப்பு இல்லாத குடும்பங்களைவிடக் கூடுதலோ குறைவோ இல்லை. திரை மனதைத் தேற்றியது. நள்ளிரவில் விழித்துக்கொண்டு, பிள்ளைக்கு மூச்சிருக்கிறதா என்று தவித்தவர்களுக்குத் தெரியும், அது சின்ன உதவி இல்லை என்று.

ஆனால் 2021-இல் இன்னொரு ஆய்வு வந்தது. உலக சுகாதார நிறுவனம் முன்னின்று, இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடத்தியது. ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட 3,211 குழந்தைகள். ஒரு சாராருக்கு வழக்கம்போல, உடல்நிலை சீரான பிறகுதான் தாயின் நெஞ்சு. மறு சாராரைப் பிறந்த கையோடு தாயின் வெறும் மார்பில் கிடத்தினார்கள். அதற்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் ஒரு கட்டில் போட்டார்கள். நாளுக்கு ஏறத்தாழ 17 மணி நேரம் பிள்ளை தாயின் உடம்போடு ஒட்டியிருந்தது. 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் வழக்கமான முறையில் 15.7 சதவீதம், இந்த முறையில் 12. ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு மற்றக் குழந்தைகளுக்கு அதை எப்படி மறுப்பது?

தாயின் மார்போடு சேர்த்து வைக்கும் இந்த முறை பிறந்ததே பற்றாக்குறையில்தான். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரி ஒன்றில் தொடங்கியது.

இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: பெற்றோரை நாம் இத்தனை காலம் பார்வையாளர்களாகவே நடத்திவந்திருக்கிறோம். பாஸ் வாங்கி, நேரம் பார்த்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்கள். கேமரா அந்தப் பார்வையைத் துல்லியமாக்கும், அவ்வளவுதான். தாயோ சிகிச்சையின் ஒரு பகுதி. மருந்தைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, அதற்குப் பிள்ளையைப் படம்பிடித்துக் காட்டி என்ன பயன்?

போனுக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. அதன் வேலை பிள்ளை வீடு திரும்பிய பிறகு தொடங்குகிறது. இரண்டு கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைக்குப் பிறந்த நான்கு வாரத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும். ரொம்பவும் சிறிய குழந்தைக்கு இன்னும் முன்பே. தவறினால் பார்வை போகக்கூடும். நினைவூட்ட ஒரு குரல் பதிவு போதும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பல வீடுகளில் பேச்சு உருதுவில்தான். அந்த வீடுகளுக்கு உருதுவிலேயே அனுப்ப வேண்டும். தமிழில் எழுதி அனுப்பினால் படிக்காமலே போகலாம்.

தாய்க்கு உள்ளே கட்டிலைப் போட வேண்டியது ஆஸ்பத்திரி. அதில் படுக்க நாள் கொடுக்க வேண்டியது அவள் வேலை பார்க்கும் கம்பெனி. மகப்பேறு பலன் குறித்த சட்டம், குறைமாதப் பிரசவத்தால் தாய்க்கு நோய் வந்தால் ஒரு மாதம் வரை கூடுதலாகச் சம்பளத்தோடு விடுப்பு தருகிறது. பிள்ளை பெட்டியில் கிடந்தால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரியும் இல்லை. ஷூ கம்பெனிகள் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். பிள்ளை வீட்டுக்கு வரும்வரை தாய் தகப்பன் இருவருக்கும் விடுப்பு கொடுங்கள். தனியார் வேலையில் இருக்கும் தகப்பனுக்கு இந்த நாட்டில் சட்டப்படி ஒரு நாள்கூடப் பேறுகால விடுப்பு கிடையாது.