யார் திறந்த கதவு?

பகத் சிங் திந்த் பஞ்சாபில் பிறந்த சீக்கியர். 1913இல் அமெரிக்கா போனார். முதல் உலகப் போரின்போது அந்நாட்டு ராணுவத்தில் தலைப்பாகையோடு சேர்ந்தார். 1918இல் சீருடையில் நின்றபடி குடியுரிமை வாங்கினார். நான்கே நாளில் அதைப் பறித்துக்கொண்டார்கள். சுதந்திரமான வெள்ளையருக்கு மட்டுமே குடியுரிமை என்று 1790இல் எழுதி வைத்திருந்தது அவர்கள் சட்டம். 1870இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்தார்கள். ஆசியருக்கு இடமில்லை.

அவரது குடியுரிமை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதற்குச் சற்று முன், 1922 நவம்பரில், தக்காவோ ஒசாவா என்ற ஜப்பானியரின் மனுவை அதே நீதிமன்றம் தள்ளியிருந்தது. தோல் எவ்வளவு வெளுப்பாக இருந்தாலும் பயனில்லை, காக்கேசிய இனமாக இருந்தால்தான் வெள்ளையர் என்றது அந்தத் தீர்ப்பு. இந்தியர் பலரைக் காக்கேசியர் என்றே அன்றைய இனவியலாளர்கள் வகைப்படுத்தியிருந்தார்கள். திந்த் அதைக் கையில் எடுத்தார். 1923 பிப்ரவரி 19 அன்று நீதிமன்றம் மாற்றிப் பேசியது: இனவியல் என்ன சொன்னால் என்ன, சாதாரண மனிதர் யாரை வெள்ளையர் என்கிறாரோ அவரே வெள்ளையர். இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் ஒரே நீதிபதி, ஜார்ஜ் சதர்லேண்ட். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். மூன்றே மாதத்தில் அளவுகோலை முறித்துப் போட அவருக்கு மனம் வந்ததென்றால், தேடப்பட்டது உண்மை அல்ல. முடிவு முன்பே எழுதப்பட்டுவிட்டது, காரணத்தை மட்டும் பிறகு தேடினார்கள்.

இதுவரை நமக்குச் சங்கடம் இல்லை. வெள்ளையர் அநீதி செய்தார்கள், நம்மவர் அடிபட்டார். ஆனால் திந்த் தரப்பு வைத்த வாதத்தைப் படிக்கத்தான் மனத்திடம் வேண்டும். அவர் உயர்சாதியினர், ஆரிய ரத்தம் என்றார்கள். சாதிக் கட்டுப்பாடு கலப்பு மணத்தைத் தடுத்ததால் அந்த ரத்தம் தூய்மையாக இருக்கிறது என்றார்கள். திருமண விஷயத்தில் அமெரிக்க வெள்ளையர் கறுப்பரை எப்படிப் பார்க்கிறாரோ, அப்படித்தான் உயர்சாதி இந்தியர் இந்தியப் பூர்வகுடிகளைப் பார்க்கிறார் என்று எழுதிக் கொடுத்தார்கள். சாதியை மறுத்த குருநானக்கின் வழியில் வந்தவருக்காக வைத்த வாதம் இது!

இருக்கிற சட்டத்துக்குள் நின்றுதானே வாதாட முடியும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அந்தச் சட்டம் வெள்ளையரா என்றுதான் கேட்டது. அதற்குச் சாதிவிலக்கைச் சான்றாகக் கொண்டுவரும்படி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அது நம் ஊரிலிருந்து கப்பலேறிப் போன சரக்கு.

அந்த வாதம் யாரையும் காப்பாற்றவில்லை. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த பல இந்தியர்கள் அதை இழந்தார்கள். அவர்களில் ஒருவரான வைஷ்ணோ தாஸ் பகாய், சொத்தும் பறிபோக, 1928இல் உயிரை மாய்த்துக்கொண்டார். 1946இல் குடியுரிமைக்கு வழி பிறந்தபோதும் இந்தியாவுக்கு ஒதுக்கிய குடியேற்ற இடங்கள் ஆண்டுக்கு வெறும் 100.

கதவு அகலத் திறந்தது 1965இன் குடியேற்றச் சட்டத்தில். அதற்கு முந்தைய ஆண்டுதான் குடிமை உரிமைச் சட்டம் வந்தது. மாண்ட்கோமரியில் ஓராண்டுக்கு மேல் பேருந்தைப் புறக்கணித்து நடந்தவர்களும், பர்மிங்காமில் நாய்க்கடியும் தண்ணீர்ப் பீரங்கியடியும் பட்ட கறுப்பின மாணவர்களும் போராடி வாங்கிய சட்டம் அது. இனத்தைப் பார்த்து மனிதரைத் தரம் பிரிப்பது வெட்கக்கேடு என்று ஒரு நாட்டையே ஒப்புக்கொள்ள வைத்தது அவர்கள் போராட்டம். நாடுவாரியான பழைய ஒதுக்கீடு அந்த வேகத்தில்தான் விழுந்தது. நம் பொறியாளர்களும் மருத்துவர்களும் அந்த வழியாகத்தான் உள்ளே போனார்கள். யாரைக் காட்டி ‘நாங்கள் அவர்களைப் போல அல்ல’ என்று திந்த் தரப்பு வாதாடியதோ, அவர்கள் திறந்த வழி அது.

இன்று நம் உறவினர்கள் அங்கிருந்து பேசும்போது காது கொடுத்துக் கேளுங்கள். ‘நாங்கள் படித்தவர்கள், வரி கட்டுகிறோம், முறையாக வந்தவர்கள், எல்லை தாண்டி வந்த கூட்டம் அல்ல.’ சொற்கள் மாறியிருக்கின்றன, வாதம் அதேதான். 2023 பிப்ரவரி 21 அன்று, திந்த் தீர்ப்புக்கு நூறாண்டு முடிந்த இரண்டாம் நாள், சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதற்காகப் போராடியவர்களும் இந்தியர்கள், எதிர்த்தவர்களிலும் இந்தியர்கள். சாதியே அங்கு இல்லை என்றால், இல்லாத ஒன்றைத் தடைசெய்வதால் யாருக்கு என்ன இழப்பு?

2025 ஜனவரியில், தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளுக்குக் குடியுரிமை இல்லை என்று டிரம்ப் ஆணையிட்டார். எச்-1பி வேலை விசாவில் இருந்த குடும்பங்கள் பதறின. பற்றிக்கொள்ள அவர்களுக்கு இருந்தது 1868இன் பதினான்காம் திருத்தம். மண்ணில் பிறந்தவர் குடிமகன் என்ற அதன் வரி, விடுதலை பெற்ற அடிமைகளுக்காக எழுதப்பட்டது.

அங்கே பிறந்த பேரப்பிள்ளை விடுமுறைக்கு வரும்போது, அந்த நீலநிறப் பாஸ்போர்ட்டை ஒருமுறை கையில் எடுத்து, அதை யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்ற கதையை வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.