கையில் உள்ளதும் கையில் இல்லாததும்

சைவாசிரியர்காள்!

பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவருங் காலத்தில் ஆசிரியர் பலர் மனம் நொந்திருத்தலை யாம் காண்கின்றோம். ஆண்டு முழுதும் உழைத்தும் எண்ணிய பயன் எய்தவில்லையே என்பது அவர் கவலை. உழைப்பு நம்முடையதாயிருக்க, பயன் நம் வசப்படாது நிற்பதென்னை? இதற்குச் சைவசித்தாந்தம் விடை தருகின்றது.

வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூவகைப்படுத்துவர். முன்னே ஈட்டிக் குவிந்து கிடப்பது சஞ்சிதம். அதனுள் இப்பிறப்பில் நுகர்ச்சிக்கு வந்தது பிராரத்தம். அதனை நுகருங்கால் விருப்பு வெறுப்புக்களாற் புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். விளைந்த பயிரை விதைக்குமுன் இருந்த நிலைக்கு மீட்டல் எவர்க்கும் இயலாது. இன்று கையிலிருக்கும் விதையை நோக்கி இடுதலோ நமக்கு இயலும். இப்பகுப்பை உணர்தலே அமைதிக்கு வழி.

இதனை யாம் நூலறிவால் மாத்திரம் உணர்ந்தோமல்லேம். யாம் ஆசிரியத் தொழிலை மேற்கொண்ட தொடக்கத்தில், எம் வகுப்பிலே கூரிய அறிவுடைய மாணாக்கன் ஒருவன் இருந்தான். தந்தை நோயுற்றமையால், பரீட்சைக்குச் சில மாதங்களே இருக்கையில் அவன் பள்ளியை விட்டுக் கடற்றொழிலுக்குச் சென்றான். மும்முறை அவன் இல்லஞ் சென்று வேண்டினோம், பயனில்லை. அத்துயரினால் பல நாள் எஞ்சிய பிள்ளைகளைச் சினந்தே நடத்தினோம். பாடங்களை ஆயத்தஞ் செய்யாது சென்றோம். அது கண்ட முதிய தலைமையாசிரியர் எம்மைத் தனியே அழைத்து, “தம்பி, போன ஒருவனை நினைந்து, இருக்கும் முப்பது பேரையும் கைவிடுகின்றீரே” என்றார். நாணித் தலைகுனிந்தோம். கையில் இல்லாததற்கு வருந்திக் கையில் உள்ளதை இழந்தமை அன்றே எமக்குப் புலனாயிற்று.

தொண்டைநாட்டுத் திருநின்றவூரில் அவதரித்த பூசலார் நாயனார் சரித்திரத்தை இவ்விடத்துச் சிந்திப்போமாக. அவர் சிவபெருமானுக்கு ஆலயம் எடுக்க விரும்பிப் பொருள் தேடினார், எங்குங் கிடைத்திலது. பொருள் அவர் வசமில்லை. மனமோ அவர் வசமிருந்தது. அம்மனத்தின்கண்ணே பொருளும் தச்சரும் வேண்டுவன பிறவுஞ் சேர்த்து, நன்னாளில் அடிநிலை இட்டு, இரவிலும் உறங்காது, சிகரமும் மதிலும் கிணறும் குளமும் முறைப்படி முடித்துப் பிரதிட்டைக்கு நாளுங் குறித்தார். மனக்கோயில்தானே என்று ஒரு கல்லையேனும் அவர் குறைத்தாரில்லை. காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர்கோன் அதே நாளைக் குறிக்க, இறைவன் அரசனது கனவிலே தோன்றி, பூசல் அமைத்த கோயிலினுள் மறுநாள் புகவிருத்தலை உணர்த்தி, அவன் நாளைப் பின்னிடுமாறு பணித்தருளினார். திருநின்றவூரில் இருதயாலீசுவரர் என்னுந் திருநாமம் இன்றும் அதனை நினைவூட்டுகின்றது.

நாயனார் பொருளின்மையை ஏற்றார், தொண்டின்மையை ஏற்றாரல்லர். இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. முயன்று பாராமலே இயலாதென்பது சோம்பல். முயன்றும் இயலாததற்கு ஓயாது வெதும்புதல் அறியாமை. ஒரு மாணாக்கனது வறுமையைக் கண்டு, ‘அஃது அவன் வினை’ என்று வாளாவிருத்தல் சைவமாகாது. அவனுக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்தலும், பள்ளி விட்டபின் அரைமணி நேரம் உடனிருந்து கற்பித்தலும் நம் கையிலுள்ள விதைகளே. அவற்றையும் இட்டபின் வருவதைத் திருவருள்வழி விடுதலே ஏற்றல் எனப்படும்.

ஆதலால், அன்பர்காள்! பிள்ளையின் இல்லச் சூழல், மேலிடத்துச் சுற்றறிக்கை, பரீட்சையின் முடிவு ஆகியன நம் வசமல்ல. பாடத்தை ஆயத்தஞ் செய்தலும், இன்சொற் கூறலும், பின்தங்கிய பிள்ளையிடத்துப் பொறுமை காத்தலும் நம் வசமானவை. காலையில் திருநீறு தரிக்கும்போது இவ்விரண்டையும் பிரித்தறிய அருளுமாறு இறைவனை வேண்டி வகுப்பினுட் புகுவோமாக. மாலையில் மனம் கனமின்றி இல்லந் திரும்புதல் கூடும்.

திருச்சிற்றம்பலம்.