வாளுக்கு முன்னால் வார்த்தை: தீவிரவாதத்தை எதிர்கொள்வதில் நம் பங்கு என்ன?

  

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே, கம்பெனியிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து உட்கார்ந்திருக்கும் அன்பு இளைஞர்களே! 

இன்று கொஞ்சம் கனமான விஷயம் பேசப் போகிறேன். அதை என் தவறு ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

சில காலத்துக்கு முன்பு, மஃரிபுக்குப் பிறகு ஒரு தாய் என்னைப் பார்க்க வந்தார். கையில் மகனுடைய போன். "ஹஜ்ரத், பையன் நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தும் தூங்க மாட்டேங்கிறான். இதையே பாத்துட்டு இருக்கான். நீங்களே பாருங்க" என்றார். பார்த்தேன். காஸாவில் இடிந்த வீடுகள், குழந்தைகளின் ஜனாஸாக்கள். அதற்கு நடுவே முகமூடி அணிந்தவர்கள் ஆயுதத்தோடு நின்று, உங்கள் ஆலிம்கள் எல்லோரும் கோழைகள் என்று பேசும் வீடியோக்கள்.

அந்தத் தாய் கேட்டார்: "போலீஸ்ல சொன்னா அவன் வாழ்க்கையே போயிரும். சொல்லாம விட்டா என்ன ஆகும்னு பயமா இருக்கு. என்ன செய்யட்டும்?"

என் வாயில் முதலில் வந்த வார்த்தை என்ன தெரியுமா? "போனை உடைச்சுப் போட்டுருங்கம்மா. யார்கிட்டயும் சொல்லாதீங்க." இருபது வருடம் மிம்பரில் நிற்கிற நான் சொன்ன பதில் இது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. போனை உடைத்தால், எந்தத் தப்பும் செய்யாத பையன்கூட எதையோ மறைத்தவனாகி விடுவான். அதைவிட, அவன் நெஞ்சில் இருக்கும் கேள்வி போனோடு சேர்ந்து உடையுமா?

உலகம் கேட்கும் கேள்வி

இப்படிப்பட்ட கூட்டத்தை என்ன செய்வது என்று உலகம் பல வருடங்களாக விவாதிக்கிறது. விமானத்திலிருந்து குண்டு போட்டால் ஒழிந்துவிடும் என்கிறார்கள் சிலர். பேசித் திருத்தலாம் என்கிறார்கள் சிலர். அந்தச் சமுதாயத்தையே சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள்.

2014 ஜூலை 4. ரமலான் மாதத்து ஜும்ஆ. இராக்கின் மோசூல் நகரத்தில் அந்நூரி பெரிய பள்ளிவாசலின் மிம்பரில் அபூபக்ர் அல்பக்தாதி ஏறி நின்றார். முஸ்லிம்கள் அனைவருக்கும் தானே கலீஃபா என்று அறிவித்துக்கொண்ட அவருக்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும் என்றார். அதே வருடம் செப்டம்பரில், பல நாடுகளைச் சேர்ந்த 120-க்கும் மேற்பட்ட ஆலிம்கள் அவருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, அவர் செய்வது ஒவ்வொன்றும் மார்க்கத்துக்கு எப்படி விரோதமானது என்று ஆதாரத்தோடு எடுத்துச் சொன்னார்கள்.

பிறகு போர். மோசூலை மீட்க ஒன்பது மாதம் ஆனது. பொதுமக்கள் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். 2017 ஜூனில் அந்தப் பள்ளிவாசலை ஐஎஸ் கூட்டமே வெடி வைத்துத் தகர்த்தது. தாங்கள் கிலாஃபத் என்று அறிவித்த இடத்தையே தகர்த்தவர்கள் அவர்கள்! யுனெஸ்கோ அந்தப் பள்ளியை மீண்டும் கட்டியபோது, அதே நகரத்தில் சேதமான கிறிஸ்தவ தேவாலயங்களையும் சேர்த்தே கட்டியது.

2019 மார்ச் 23. சிரியாவின் பாகூஸ் கிராமத்தில் அவர்களுடைய கடைசித் துண்டு நிலமும் போனது. உலகம் வெற்றி என்றது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. நமக்குப் பக்கத்தில், நம் தமிழ் பேசும் இலங்கையில் குண்டு வெடித்தது. நிலத்தை ராணுவம் மீட்கலாம். நெஞ்சை மீட்பது யார்?

ஹிஜ்ரி 38-இல் கிடைத்த பதில்

சகோதரர்களே, இந்தக் கேள்வி இஸ்லாத்துக்குப் புதிதல்ல. அலி ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் காலத்திலேயே கவாரிஜ்கள் என்ற கூட்டம் கிளம்பியது. இரவெல்லாம் தொழுகை, நெற்றியில் தழும்பு, நாவில் குர்ஆன். ஆனால் தங்களோடு சேராத முஸ்லிமைக் காஃபிர் என்றார்கள். அலி அவர்கள் என்ன செய்தார்கள்? மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, பேச ஆள் அனுப்பினார்கள். இப்னு அப்பாஸ் ரலியல்லாஹு அன்ஹுமா அவர்கள் அழகிய யமன் ஆடை அணிந்து, தன்னந்தனியாக அந்தக் கூட்டத்துக்குள் போனார்கள். போனதும் கண்டிக்கவில்லை. உங்கள் மனக்குறை என்ன என்று கேட்டார்கள். அவர்கள் மூன்று குறைகளைச் சொன்னார்கள். தீர்ப்பு அல்லாஹ்வுக்கு மட்டுமே, அலி ஏன் மனிதர்களை நடுவராக்கினார் என்பது அதில் ஒன்று. கணவன் மனைவி பிணக்குக்கே இரு குடும்பத்திலிருந்தும் நடுவர்களை வைக்கும்படி குர்ஆன் சொல்கிறதே என்று இப்னு அப்பாஸ் அவர்கள் குர்ஆனிலிருந்தே பதில் சொன்னார்கள். ஒரே அமர்வில் இரண்டாயிரம் பேர் திரும்பி வந்துவிட்டதாக ஒரு அறிவிப்பு சொல்கிறது. சுப்ஹானல்லாஹ்! ஒரு வாள்கூட உருவப்படவில்லை.

இரண்டாவது, மீதமிருந்தவர்களின் உரிமையைப் பறிக்கவில்லை. பள்ளிவாசலுக்கு வருவதைத் தடுக்க மாட்டோம், பொது நிதியில் உள்ள பங்கை நிறுத்த மாட்டோம், நாங்களாகப் போரைத் தொடங்க மாட்டோம் என்றார்கள்.

மூன்றாவது, இரத்தம் சிந்தப்பட்டதும் பொறுக்கவில்லை. வழியில் வந்த அப்துல்லாஹ் இப்னு கப்பாப் அவர்களையும் கர்ப்பிணியான அவர் வீட்டுப் பெண்ணையும் கவாரிஜ்கள் கொன்றார்கள். விழுந்து கிடந்த பேரீச்சம்பழத்தை விலை கொடுக்காமல் வாயில் போடுவது பாவம் என்று துப்பியவர்கள், மனித உயிரை அறுத்தார்கள்! கொலையாளிகளை ஒப்படையுங்கள் என்று அலி அவர்கள் கேட்டார்கள். நாங்கள் எல்லோரும்தான் கொலையாளிகள் என்றார்கள். அதன் பிறகே நஹ்ரவான் போர்.

ஹிஜ்ரி 40 ரமலானில் அதே கூட்டத்தைச் சேர்ந்த இப்னு முல்ஜிம், கூஃபாவில் அலி அவர்களை நஞ்சு தோய்ந்த வாளால் வெட்டினான். மரணப் படுக்கையில் அவர்கள் செய்த வஸிய்யத் என்ன? கைதிக்கு நல்ல உணவு கொடுங்கள். நான் இறந்தால் அவனுக்கு மட்டுமே தண்டனை; ஒரு வெட்டுக்கு ஒரு வெட்டுதான், உறுப்புகளைச் சிதைக்காதீர்கள். கலீஃபா கொல்லப்பட்டார் என்று சொல்லி மற்றவர்களின் இரத்தத்தில் இறங்கிவிடாதீர்கள்.

இன்றைய உலகத்துக்கு இதைவிட வேறு என்ன பதில் வேண்டும்? பேச வேண்டிய நேரத்தில் பேசு. உரிமையைப் பறிக்காதே. கொலை செய்தவனைப் பிடி. அவனை மட்டும் பிடி.

இலங்கையில் நடந்தது

ஈஸ்டர் அன்று கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் தேவாலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் தேவாலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்கள் தாக்கப்பட்டன. 250-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் ஞாயிறு வகுப்புக்கு வந்த பிஞ்சுக் குழந்தைகளும் உண்டு. இதை நடத்தியவர் காத்தான்குடியைச் சேர்ந்த ஸஹ்ரான். நம்மைப் போலவே அழகான தமிழில் பயான் செய்தவர்.

காத்தான்குடி முஸ்லிம்கள் பேசாமல் இருக்கவில்லை. அவருடைய பேச்சைக் குறித்து முன்பே புகார் கொடுத்திருந்தார்கள். 2017-இல் அவருடைய ஆட்கள் மற்ற முஸ்லிம்களோடு மோதிய பிறகு அவர் தலைமறைவானார். மாவனல்லையில் அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்து உதவிய ஒரு முஸ்லிம் சகோதரர், 2019 மார்ச்சில் தம் வீட்டிலேயே தலையில் சுடப்பட்டார். அல்லாஹ் அவர் உயிரைக் காப்பாற்றினான். ஏப்ரல் 26 அன்று சாய்ந்தமருதில் மறைந்திருந்தவர்களைப் பற்றித் தகவல் சொன்னவர்களும் அவ்வூர் முஸ்லிம்கள்தான்.

அரசு என்ன செய்தது? தாக்குதலுக்கு முன்பே இந்திய உளவுத்துறை எச்சரித்திருந்தது. யாரும் அசையவில்லை. இந்த அலட்சியத்துக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நஷ்டஈடு கட்ட வேண்டும் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

தண்டனை யாருக்குக் கிடைத்தது? 2019 மே மாதம் மினுவாங்கொடையிலும் குளியாப்பிட்டிப் பக்கமும் ஒன்றும் அறியாத முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அலி அவர்களின் வஸிய்யத்தை உலகம் மறந்தால் நடப்பது இதுதான்.

நம் வாசலில்

இது எங்கோ நடந்த கதை என்று நினைக்காதீர்கள். கோவை நமக்கு ஒரு மணி நேரப் பயணம்.

1997 நவம்பர் இறுதியில் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அது பெரிய அநியாயம். அதில் சந்தேகமே இல்லை. அதற்குப் பழி என்று 1998 பிப்ரவரி 14 அன்று வெடித்த குண்டுகள் 58 உயிர்களைக் குடித்தன. ஆஸ்பத்திரிக்கும் கடைவீதிக்கும் வந்தவர்கள் அந்த 18 பேரைக் கொன்றார்களா? ஒருவருடைய பாவச் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் என்று சொல்லும் குர்ஆனை ஓதுகிறவனுக்கு இதற்கு எங்கே அனுமதி?

நான் அப்போது அரபிக் கல்லூரி மாணவன். குண்டு வெடித்த பிறகு ஊருக்குத் திரும்பிய பஸ்ஸில் எல்லாரும் நெருக்கியடித்து நின்றார்கள். தொப்பியும் ஜிப்பாவுமாக இருந்த என் பக்கத்து இருக்கை மட்டும் கடைசிவரை காலியாகவே வந்தது. அந்தக் காலி இடத்தை இன்றும் நான் மறக்கவில்லை.

2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தைய நாள் அதிகாலை, கோவை கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்பு காரில் சிலிண்டர் வெடித்து, அதிலிருந்த ஜமேஷா முபீன் என்ற இளைஞர் இறந்தார். வயது 29. பொறியியல் படித்தவர். ஐஎஸ் சிந்தனையால் நடந்தது இது என்கிறது என்ஐஏ. 2019-இலேயே அவரை விசாரித்து அனுப்பியிருந்தார்கள். அதற்கும் இதற்கும் நடுவே மூன்று வருடங்கள். அந்த மூன்று வருடத்தில் அரசு என்ன செய்தது என்று கேட்கலாம். கேட்க வேண்டும். ஆனால் 150 ஜும்ஆக்கள் கடந்து போயிருக்கின்றனவே, என்னைப் போன்ற இமாம்கள் அப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் தோளில் கை வைத்து, "உன் மனசுல என்னப்பா இருக்கு?" என்று கேட்டோமா?

வெடிப்புக்குப் பிறகு கோவை ஜமாஅத் நிர்வாகிகள் அந்தக் கோயிலுக்கே நேரில் போய், அங்குள்ளவர்களைச் சந்தித்துப் பேசினார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக!

பயமும் கடமையும்

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். அவருடைய பயம் பொய்யா? இல்லை. கோவை வழக்கில் கைதான அப்துல் நாசர் மதனி ஒன்பது வருடத்துக்கும் மேல் சிறையில் இருந்த பிறகுதான் 2007-இல் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். போன ஒன்பது வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? இப்படி நடந்தால், நல்லவர்கள்கூடத் தகவல் சொல்லப் பயப்படுவார்கள் என்பதை அரசாங்கம் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் அந்தப் பயம் நம் கடமையை ரத்து செய்யாது. அநியாயக்காரனான சகோதரனுக்கும் உதவச் சொன்னார்கள் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள். அது எப்படி என்று ஸஹாபாக்கள் கேட்டபோது, அநியாயம் செய்யவிடாமல் அவனைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கினார்கள். புகாரியில் வரும் ஹதீஸ் இது. சூரத்துந் நிஸாவின் 135-வது வசனமோ, பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராகவே இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கச் சொல்கிறது.

ஆகவே இரண்டையும் பிரித்துப் பாருங்கள். ஒரு பிள்ளையிடம் கோபம் இருக்கிறது, குழப்பம் இருக்கிறது என்றால் அவன் குற்றவாளி இல்லை. அவனுக்கு வேண்டியது இப்னு அப்பாஸ். வீட்டில் அத்தா, மஹல்லாவில் ஆலிம், யாராவது ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஆனால் யாரையாவது தாக்கத் திட்டமிடுகிறான், பொருள் சேர்க்கிறான் என்று தெரிந்துவிட்டால் அப்போது மறைப்பது ஹராம். உடனே சொல்லியாக வேண்டும். தனியாகப் போகப் பயமாக இருந்தால் ஜமாஅத் நிர்வாகிகளையும் வக்கீலையும் கூட்டிக்கொண்டு போங்கள். நேரம் கடத்தாதீர்கள். அது காட்டிக் கொடுப்பதாகாது. அவன் கையையும் ஊரின் உயிரையும் சேர்த்துக் காப்பாற்றுவது.

உங்களுக்குத் தெரிந்த தொழிலிலேயே சொல்கிறேன். நிட்டிங் மெஷினில் ஒரு ஊசி உடைந்தால் என்ன ஆகும்? துணியின் நீளம் முழுக்கக் கோடு விழும். ஓட்டுகிறவர் கண்ணில் பட்டதும் மெஷினை நிறுத்தி ஊசியை மாற்றுவார். கவனிக்காமல் விட்டால் சாயம் போட்டு, கட்டிங், தையல் எல்லாம் முடிந்து செக்கிங்கில் போய்த் தெரியும். அப்போது மொத்தமும் ரிஜக்ட். ஒரு ஊசி உடைந்ததற்காக மெஷினையே கொளுத்துகிறவனும் புத்திசாலி இல்லை. உடைந்ததைப் பார்த்தும் மறைக்கிறவன் முதலாளிக்கு விசுவாசியும் இல்லை.

மறுநாள் அந்தத் தாயைக் கூப்பிட்டு, நான் சொன்னது தப்பு என்றேன். அவர் மகன் இஷாவுக்குப் பிறகு வர ஆரம்பித்தான். முதல் நாள் என்னைப் பார்த்து, "ஹஜ்ரத், காஸா பிள்ளைகளைப் பத்தி நீங்க ஏன் பேசறதே இல்ல?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. நான் பேசாத இடத்தில்தான் முகமூடிக்காரன் புகுந்து பேசியிருக்கிறான். பல வாரங்கள் உட்கார்ந்து பேசினோம். எல்லாக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்று அவனுக்குத் தெரிந்தது. இன்று அவன் பொதுவில் அழுகிறான், துஆ செய்கிறான், உதவிக்குப் பணமும் அனுப்ப வழி கேட்கிறான். கொலையை நியாயப்படுத்துவதில்லை.

இளைஞர்களே! இன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் இஷாவுக்குப் பிறகு இந்த ஹவுளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எந்தக் கேள்வியும் கேட்கலாம். கோபமாகவும் கேட்கலாம். பெற்றோர்களே, போனைப் பிடுங்குவதற்கு முன்னால் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

யா அல்லாஹ்! அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு, அவர்கள் எந்த மதத்தவராக இருந்தாலும், ஆறுதலைக் கொடுப்பாயாக. ஒடுக்கப்படும் மக்களுக்கு விடுதலையைக் கொடுப்பாயாக. எங்கள் பிள்ளைகளை வழிகெட்ட அழைப்பாளர்களிடமிருந்து காப்பாயாக. அநியாயத்தைத் தடுக்கும் தைரியத்தையும், நீதியில் வரம்பு மீறாத பக்குவத்தையும் எங்கள் அனைவருக்கும் தருவாயாக. இந்தத் திருப்பூரையும் நம் நாட்டையும் அமைதியின் பூமியாக ஆக்குவாயாக!

ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.