வாயிலில் இரு நீதி

சட்டமன்றம் என்பது கருத்தும் கருத்தும் மோதும் களம். அங்கே படைக்கலத்துக்கு இடமுண்டா?

ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் நிகழ்ந்ததை நோக்குவோம். 2010 ஜனவரியில், ஒஸ்ரின் நகரிலுள்ள சட்டமன்ற மாளிகையின் படிகளில் ஒருவன் துப்பாக்கியாற் சுட்டான். அதன்பின் வாயில்களில் உலோகத்தைக் கண்டறியும் கருவிகள் நிறுவப்பட்டன. ஆனால், கைத்துப்பாக்கி தாங்க அனுமதிப்பத்திரம் பெற்றோர் அக்கருவிகளைக் கடவாமலே உட்செல்ல இடமளிக்கப்பட்டது. வரிசையிற் காத்திருக்க விரும்பாத சிலர் இதற்காகவே பத்திரம் பெற்றனர் எனச் செய்திகள் வெளிவந்தன. வெறுங்கையர் சோதிக்கப்பட்டனர், ஆயுதந் தாங்கியோருக்கு வழி விடப்பட்டது!

பத்திரம் பெற்றவர் குற்றமற்றவரென ஆராயப்பட்டவரன்றோ எனச் சிலர் வாதிப்பர். அவ்வாராய்வு பயனற்றதென நாம் கூறவில்லை. ஆயினும், அது ஒருவரின் நேற்றைய ஒழுக்கத்துக்கே சான்று, இன்றைய சினத்துக்கன்று. அன்றியும், அவர் நல்லவரேயாயினும், அவரை மறுத்துப் பேச எழும் தொழிலாளி தன் சொற்களை அஞ்சி அளக்க நேரும். சுடாமலே ஒருவரை வாயடைக்கச் செய்யும் ஆற்றல் துப்பாக்கிக்கு உண்டு.

ஆதலின், காவலர் தவிர்ந்த எவருடைய துப்பாக்கியும் வாயிலுக்கு வெளியே நிற்றல் வேண்டும். மக்கள் அனைவரும் ஒரே வாயிலால், ஒரே சோதனையின் பின் உட்செல்லல் வேண்டும். சமத்துவம் அவ்வாயிலிலேயே தொடங்குகிறது.