சுந்தனின் சோறும் அரூர் அண்டாவும்

ஆடி பிறந்துவிட்டால் அரூர் வட்டாரத்தில் மாரியம்மன் கோயில்களின் முன்னால் அண்டா ஏறிவிடும். தருமபுரிச் சீமை ராகி விளையும் சீமை. முதல் நாளே ராகி மாவைக் கரைத்துப் புளிக்க வைப்பார்கள். நொய்யரிசி குழைய வெந்ததும் புளித்த மாவை ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளறுவார்கள். மறுநாள் காலையில் அந்தக் கெட்டிக் கூழில் தண்ணீரோ மோரோ விட்டுக் கையாலேயே கரைத்து, உப்பும் அரிந்த சின்ன வெங்காயமும் போட்டு, அம்மனுக்குப் படைத்துவிட்டு ஊருக்கு ஊற்றுவார்கள். தூக்குவாளியோடு வரிசையில் நிற்பவர்களில் யாராவது, "தண்ணி எங்க புடிச்சது?" என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "ஆத்தாளுக்கு ஊத்துன கூழு, ஒண்ணும் செய்யாது."

இந்தப் பதிலை மூடநம்பிக்கை என்று சிரித்து ஒதுக்கிவிட முடியாது. புளித்த கூழில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. அமிலத்தன்மை கூடிய உணவில் நோய்க்கிருமிகள் பெருகுவது கடினம். தலைமுறை தலைமுறையாகக் குடித்தும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்ததற்கு அம்மன் காரணமோ அமிலம் காரணமோ, அனுபவம் அந்தப் பதிலின் பக்கம்தான் இருந்திருக்கிறது. ஆபத்து அடுப்பை அணைத்த பிறகு வருகிறது. கடைசியாக ஊற்றும் தண்ணீர் கொதிக்காத தண்ணீர். கரைக்கும் கை யாருடையது, அதில் வெட்டுக்காயம் இருந்ததா என்பதை யாரும் பார்ப்பதில்லை.

போதாததற்கு, இன்று கோயில் வாசலில் கூழ் மட்டும் கிடைப்பதில்லை. சர்க்கரைப் பொங்கல், தக்காளி சாதம், வெஜிடபிள் பிரியாணி என்று பட்டியல் நீண்டுவிட்டது. அரூரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் உள்ள தீர்த்தமலைக்கு மாசி மகத்தின்போது வருகிற கூட்டமானாலும், கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போகிற கூட்டமானாலும், வழியில் யாரோ ஒரு புண்ணியவான் பொட்டலம் நீட்டத்தான் செய்கிறார். விடியற்காலையில் வடித்த சோறு மத்தியானம் வரை மூடிய அண்டாவுக்குள் வெதுவெதுப்பாகவே கிடக்கிறது. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாமல் பிழைத்திருக்கும். அந்த வெதுவெதுப்பு கிடைத்ததும் அவை முளைத்து, வாந்தியை வரவழைக்கும் நச்சைச் சுரக்கும். அதன்பின் சோற்றை மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு அழியாது. உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்புத் துறை ஓயாமல் சொல்வதன் பின்னணி இதுதான்.

சரி, ஒரு நாள் அப்படி நடந்தேவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பேருக்கு வாந்தி பேதி. சோறு போட்டவர் கடன் வாங்கிப் போட்டவர், காசு பார்க்கப் போட்டவரில்லை. அவர் செய்தது புண்ணியமா, பாவமா?

இந்தக் கேள்வியை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நேருக்கு நேர் சந்தித்த நூல் ஒன்று உண்டு. பாலி மொழித் திரிபிடகத்தில், தீக நிகாயத்தின் 16-ஆவது சூத்திரமான மகாபரிநிர்வாண சூத்திரம் புத்தரின் கடைசி நாட்களைச் சொல்கிறது. பாவா என்ற ஊரில் சுந்தன் என்ற கொல்லர் புத்தருக்கும் சங்கத்துக்கும் விருந்து வைக்கிறார். அதில் ஒரு பதார்த்தத்தைத் தனக்கு மட்டும் பரிமாறச் சொல்கிறார் புத்தர். மற்ற துறவிகளுக்கு வேறு உணவு. மிஞ்சியதைக் குழி தோண்டிப் புதைத்துவிடச் சொல்கிறார். பிறகு அவருக்கு ரத்தக் கழிச்சல் கண்டு கடும் வேதனை வருகிறது. அந்த நிலையிலேயே குசிநகருக்கு நடக்கிறார். அந்தப் பதார்த்தம் பன்றி இறைச்சியா, காளானா என்று அறிஞர்கள் இன்னமும் மல்லுக்கட்டுகிறார்கள். அவர்களை அவர்கள் போக்கில் விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியது, வழியில் புத்தர் ஆனந்தரிடம் சொன்ன செய்தி. தன் சோற்றால்தான் ததாகதராகிய புத்தர் மறைந்தார் என்று சுந்தன் மனம் புழுங்கக் கூடாது. ஞானம் பெறுமுன் உண்ட உணவும் பரிநிர்வாணத்துக்கு முன் உண்ட இந்த உணவும் சமமான பலன் உடையவை என்று அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்கிறார்.

கொடுத்தவரின் மனத்துக்கு ஆறுதல் கிடைத்துவிட்டது. அதற்காகக் கொடுத்த உணவைப் புத்தர் நல்ல உணவு என்று சொல்லிவிடவில்லை. அது மண்ணுக்குள் போனது, வேறு எவர் வாயிலும் படவில்லை. நோக்கத்துக்கு ஒரு தீர்ப்பு, பண்டத்துக்கு வேறொரு தீர்ப்பு. பொது சுகாதாரத் துறை இன்றைக்குத் தட்டுத்தடுமாறிச் செய்ய முயல்வதும் இதையேதான். ஒரு சுகாதார ஆய்வாளர் அந்த விருந்தில் இருந்திருந்தால் ஒன்றே ஒன்று கூடுதலாகக் கேட்டிருப்பார்: புதைக்கும் முன் ஒரு கிண்ணம் எடுத்து வையுங்கள் ஐயா, லேபுக்கு அனுப்ப வேண்டும்.

நோக்கத்தைப் பற்றிப் பேசும்போது சுள்வாடியை மறக்க முடியாது. தமிழக எல்லையை ஒட்டிய கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், 2018 டிசம்பர் 14 அன்று, அங்குள்ள கிச்சுகுத்தி மாரம்மா கோயிலில் கோபுரத்துக்கு அடிக்கல் நாட்டு விழா. பிரசாதமாகத் தக்காளி சாதம். சாப்பிட்டவர்களில் 17 பேர் இறந்தார்கள். சாதத்தில் பூச்சிமருந்து கலக்கப்பட்டிருந்தது. கோயில் நிர்வாகத்தில் அதிகாரப் போட்டிதான் காரணம் என்றது போலீஸ் விசாரணை. அது கிருமியின் வேலை அல்ல, கொலை. ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்தது என்னவோ அதே வாந்தி, அதே மயக்கம். கொலையா, கவனக்குறைவா, யாராலும் தடுத்திருக்க முடியாத விபத்தா என்பது நோயாளியின் முகத்தில் எழுதியிருப்பதில்லை. அதனால்தான் விசாரணை வேண்டியிருக்கிறது.

அந்த விசாரணை எப்படி நடக்கிறது என்று பலருக்குத் தெரியாது. ஒரே உணவைச் சாப்பிட்ட இரண்டு பேருக்கு ஒரே மாதிரி நோய் வந்தாலே அது கணக்கில் எடுக்க வேண்டிய சம்பவம். 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின்படி, கிராம சுகாதார செவிலியரின் பதிவு, மருத்துவர் எழுதும் பதிவு, ஆய்வகப் பதிவு என்று தகவல் மூன்று வழியாக மாவட்டத்துக்கு வந்து சேர வேண்டும். அரூர் அரசு மருத்துவமனையில் ஒரே சாயந்திரம் பத்துப் பேர் வந்து படுத்தால் கேள்விகள் ஆரம்பமாகும். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்? முதல் வாந்தி எப்போது? சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி என்றால் உணவிலேயே ஊறிக் கிடந்த நச்சின்மேல் சந்தேகம் போகும்: ஸ்டஃபைலோகாக்கஸ் அல்லது பேசில்லஸ் சீரியஸ். அரை நாளோ ஒரு நாளோ கழித்துக் காய்ச்சலும் பேதியும் என்றால் சால்மொனெல்லா. கடிகாரம்தான் அங்கே முதல் சாட்சி.

இரண்டாவது சாட்சி, நோய் வராதவர்கள். இவர்களை யாரும் தேடிப் போவதில்லை, ஆனால் வழக்கே இவர்களிடம்தான் இருக்கிறது. உலகெங்கும் தொற்றுநோயியல் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் உதாரணமும் ஒரு கோயில் விருந்துதான். 1940 ஏப்ரல் 18, அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் ஆஸ்விகோ கவுண்டியைச் சேர்ந்த லைகோமிங் கிராமம். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பண்டமாகக் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிட்டார்கள். அன்றிரவே பலருக்கு வாந்தி. விருந்துக்கு வந்த 80 பேரில் 75 பேரை விசாரித்தார்கள். 46 பேருக்கு நோய். இறைச்சியா, கீரையா, கேக்கா என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டதில் வெனிலா ஐஸ்கிரீமில் முடிச்சு அவிழ்ந்தது. அதைச் சாப்பிட்ட 54 பேரில் 43 பேர் விழுந்தார்கள். சாப்பிடாத 21 பேரில் 3 பேர் மட்டுமே. ஐஸ்கிரீம் செய்த இருவரில் ஒருவர் மூக்கில் ஸ்டஃபைலோகாக்கஸ் இருந்தது. அது ஆரோக்கியமான எத்தனையோ பேர் மூக்கில் இருக்கும் கிருமி. அவரும் சுந்தனைப் போல அன்போடு கொடுத்தவர்தான்.

இங்கே நம்மூர் ஆட்கள் சொல்லும் ஒரு வாதம் குறுக்கே வரும். "அவனவன் தலையெழுத்து. ஒரே சோறுதான், இவனுக்கு வந்துச்சு, அவனுக்கு வரல, என்ன செய்ய?" விதி வெனிலாவாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது என்று வாதாடிக்கொண்டே போகலாம். ஆனால் இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த விருந்தைக் காப்பாற்ற முடிகிறது. தலையெழுத்தை வைத்துக்கொண்டு அது முடிவதில்லை. வினைக் கொள்கையை ஆழமாக நம்புகிறவர்களும் இந்த இடத்தில் தயங்கத் தேவையில்லை. செயலுக்கு விளைவு உண்டு என்பதுதான் அந்தக் கொள்கையின் உயிர். கை கழுவாததும் ஒரு செயல்தானே.

விசாரணை என்றதும் பயம் வருவதிலும் நியாயம் இருக்கிறது. கிருமியைத் தேடிப் போகிறவர்கள் சில சமயம் ஆளைப் பிடித்துக்கொள்கிறார்கள். நியூயார்க்கில் வீட்டுச் சமையல் வேலை செய்த அயர்லாந்துப் பெண் மேரி மலன், டைபாய்டு கிருமியை உடலில் சுமந்தும் நோய் அறிகுறி இல்லாதவர். 1907-இல் அவரைப் பிடித்துத் தீவில் அடைத்தார்கள். 1910-இல், இனிச் சமைக்க மாட்டேன் என்ற வாக்குறுதியின்பேரில் விட்டார்கள். அவர் வேறு பெயரில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் சமைத்தார், அங்கும் டைபாய்டு பரவியது. 1915 முதல் 1938-இல் சாகும்வரை மறுபடி தீவுதான். அவர் செய்தது தவறு, மறுப்பதற்கில்லை. ஆனால் அவரைப் போலவே கிருமி சுமந்த நூற்றுக்கணக்கானவர்களை அதே நகரம் கண்டறிந்திருந்தும், கால் நூற்றாண்டு தனிமைச் சிறை அவருக்கு மட்டுமே வாய்த்தது. ஏழை, அயலூர்க்காரி, சமையல்காரி.

தமிழ்நாட்டில் இந்த ஆபத்துக்குச் சாதி என்ற இன்னொரு முகமும் உண்டு. 2018-இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் பட்டியல் சாதிப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரில் ஒரு சாரார் தகராறு செய்தார்கள். அவர்கள் பேசிய சுத்தத்துக்கும் சுகாதாரத்துக்கும் எந்த உறவும் இல்லை. ஸ்டஃபைலோகாக்கஸ் மூக்கைப் பார்க்குமே தவிர சாதிச் சான்றிதழைப் பார்க்காது. எனவே சமைத்தவரை விசாரிக்கும்போது கேட்க வேண்டியது அவருடைய கைக்காயத்தையும் அவர் பயன்படுத்திய தண்ணீரையும் பற்றித்தான். குலத்தைப் பற்றிய பேச்சு எழுந்தாலே விசாரணை கெட்டுவிட்டது என்று பொருள்.

அப்படியானால் நல்லெண்ணத்தோடு தவறிழைத்தவருக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. சமணம் இதற்குக் கூர்மையான விடை வைத்திருக்கிறது. அதியமானின் தகடூரில், இன்றைய தருமபுரியில், நுளம்பர் காலத்தில் சமணப் பள்ளி இருந்ததற்குக் கல்வெட்டுச் சான்று இருப்பதால் இது இந்த மண்ணுக்கு அந்நியமான சிந்தனை இல்லை. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது கவனமின்மையால் உயிருக்குத் தீங்கு நேர்வதையே மையமாக வைக்கிறது. கொல்ல வேண்டும் என்று நினைக்க வேண்டியதில்லை, அசட்டையாக இருந்தாலே போதும். சுந்தனுக்கு ஆறுதல் சொன்ன புத்தர், அந்த மகாபரிநிர்வாண சூத்திரத்தின் முடிவில், கடைசி மூச்சில் சீடர்களுக்குச் சொன்னதும் அசட்டையாக இராதீர்கள் என்பதைத்தான். வள்ளுவர் பொச்சாவாமைக்கு, அதாவது அசட்டையாக இராமைக்கு, ஓர் அதிகாரமே ஒதுக்கினார்.

நம் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இதே இடத்தில் வந்து நிற்பது ஆச்சரியம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், லாப நோக்கம் இல்லாமல் உணவு கொடுப்பதையும் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது; மதக் கூட்டங்களில் உணவு வழங்குகிறவரும் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன அதன் விதிமுறைகள். அதன் 80-ஆவது பிரிவில் இரண்டு வரிகள் தத்துவ வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தத் தக்கவை. எடுக்க வேண்டிய எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தேன் என்று நிரூபித்தால் அது தற்காப்பு. உணவு நன்றாகத்தான் இருக்கும் என்று மனதார நம்பினேன் என்றால், அந்த நம்பிக்கை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் அது தற்காப்பு ஆகாது.

"சாமி சோத்தையே சந்தேகப்படுறீங்களா?" என்று கோயில் நிர்வாகிகள் கோபப்படுவது உண்டு. சாமியை யாரும் சந்தேகிக்கவில்லை. மடைப்பள்ளியில் அரிசி களைந்து, கரண்டி பிடித்து, அண்டாவை மூடியது மனிதர்கள். மனிதக் கையின் பிழையைத் தெய்வத்தின் பெயரால் மூடிவைப்பதுதான் உண்மையில் தெய்வக் குற்றம். பாதுகாப்பற்ற உணவால் ஆண்டுக்குச் சுமார் 60 கோடிப் பேர் நோயுறுகிறார்கள், 4,20,000 பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது. இறப்பவர்களில் 1,25,000 பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். கூழ் வரிசையிலும் பொங்கல் வரிசையிலும் முண்டியடித்து முன்னால் நிற்பதும் குழந்தைகள்தான்.

ஆகவே வரும் ஆடியில் அண்டா ஏற்றுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூழ் கரைக்கக் கொதித்து ஆறிய தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள். கையில் புண் உள்ளவர், இரண்டு நாளாக வயிறு சரியில்லாதவர் அன்று சாமிக்கு வேறு ஊழியம் பார்க்கட்டும். பரிமாறும் முன் ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரு கிண்ணம் எடுத்து மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். அப்படியும் யாருக்காவது வாந்தி பேதி வந்தால், பயந்துபோய் மிச்சத்தைக் கொட்டி அண்டாவைக் கழுவிவிடாதீர்கள். பரிமாறுவதை நிறுத்திவிட்டுப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லி அனுப்புங்கள்.