இருப்பதும் வேண்டுவதும்

காரியம் நடந்துவிட்டால் நடத்திய வழியும் சரியாகிவிடுமா? இந்தப் பழைய கேள்வி சமீபத்தில் ஒரு சின்ன யந்திரத்தின் வழியாக என்னிடம் திரும்பி வந்தது. உள்ளங்கையில் அடங்கும் ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டர் அது. 2012இல் ராஸ்பெர்ரி பை விற்பனைக்கு வந்ததிலிருந்து இந்த வகைப் பலகைகள் பரவலாகப் புழங்குகின்றன. பெரும்பாலும் லினக்ஸில் ஓடுபவை. நண்பர் ஒருவர் தம்முடையதைக் கொண்டுவந்து, புதிய கெர்னலை ஏற்றியதிலிருந்து எழுந்திருக்க மாட்டேன் என்கிறது என்றார். நான் சரிசெய்து கொடுத்தேன். சரிதான் செய்தேனா என்பதுதான் இப்போது என் சங்கடம்.

யந்திரம் ஒரே மூச்சில் விழித்துக்கொள்வதில்லை. சில்லுக்குள் பொறிக்கப்பட்ட சிறு நிரல் ஒன்று முதலில் மெமரி கார்டிலிருந்து பூட்லோடரை எடுக்கிறது. பூட்லோடர் பிரதான நினைவகத்தைத் தயார் செய்து, கெர்னலை அதில் இறக்கி வைத்துவிட்டு விலகிக்கொள்கிறது. விலகுமுன் கெர்னலின் கையில் இரண்டைக் கொடுக்கிறது: ஒரு வரிக் கட்டளை, ஒரு விவரணை. அந்த விவரணைக்குத்தான் டிவைஸ் ட்ரீ என்று பெயர்.

விவரணை எதற்கு? மேஜைக் கம்ப்யூட்டரில் பல உறுப்புகளைக் கெர்னல் விசாரித்தே அறிந்துகொள்ளும். இருப்பது பதில் சொல்லும், இல்லாதது மௌனமாக இருக்கும். இந்தச் சிறு பலகைகளின் ஏஆர்எம் சில்லுகளில் பெரும்பாலான உறுப்புகள் அப்படிப் பதில் சொல்வதில்லை. எந்த முகவரியில் என்ன இருக்கிறது, அதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று வெளியிலிருந்து ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். யந்திரத்துக்குத் தன் உடல் தெரியாது. தன் உடலைப் பற்றி எழுதப்பட்டதே தெரியும்.

முன்பெல்லாம் ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனி நிரலைக் கெர்னலுக்குள்ளேயே எழுதிக் குவித்தார்கள். 2011இல் லினஸ் டோர்வால்ட்ஸ் இந்தக் குவியலைப் பார்த்துப் பொறுமை இழந்தார். ஏஆர்எம் உலகம் டிவைஸ் ட்ரீயின் பக்கம் முழுமூச்சாகத் திரும்பியது அதற்குப் பிறகுதான். யோசனை பழையது; ஐஇஇஇ 1275 என்று 1994இல் தரப்படுத்தப்பட்ட ஓப்பன் ஃபர்ம்வேரிலிருந்து வந்தது. 2012 டிசம்பரில் வெளியான 3.7ஆம் கெர்னலிலிருந்து, வெவ்வேறு ஏஆர்எம் சில்லுகளில் ஒரே கெர்னல் ஓடுவது சாத்தியமாயிற்று. உடல்கள் பல, மாற வேண்டியது விவரணை மட்டும்.

இதை எழுதுகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. பலகையில் என்ன இருக்கிறது என்பதை எழுது. லினக்ஸ் என்ன செய்ய வேண்டும் என்று நீ விரும்புகிறாய் என்பதை எழுதாதே. படித்தபோது இது எனக்கு ஒரு பொறியியல் சௌகரியமாகத்தான் பட்டது. இன்று அப்படிப் படவில்லை.

நண்பரின் பலகைக்கு வருகிறேன். மூன்று கம்பிகளைச் சீரியல் முனையில் செருகி, 115200 வேகத்தில் அது பேசுவதைக் கேட்டேன். பூட்லோடர் சளசளவென்று பேசிற்று. கெர்னலைத் தொடங்குகிறேன் என்று ஒரு வரி. பிறகு எதுவும் இல்லை. இந்த மௌனத்தைச் சாவு என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. கெர்னல் எழுந்துதான் இருந்தது. புதிய கெர்னலில் அந்தச் சீரியல் முனையின் பெயர் மாறியிருந்தது. பூட்லோடர் கட்டளை வரியில் பழைய பெயரையே கொடுத்துக்கொண்டிருந்தது. இல்லாத வாசலைப் பார்த்து யந்திரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. பெயரை மாற்றினேன். பேச்சு வந்தது.

வைஃபையும் வந்தது. அரை நிமிஷத்தில் போயிற்று. மறுபடி தொடங்கினால் மறுபடி வந்தது. மறுபடி அரை நிமிஷத்தில் போயிற்று.

இதன் காரணம் விசித்திரமானது. வைஃபை சில்லுக்கு மின்சாரம் ஒரு ரெகுலேட்டர் வழியாகப் போகிறது. பூட்லோடர் அதை இயக்கிவைத்துவிட்டு விலகியிருந்தது. எல்லாம் எழுந்து சுமார் 30 வினாடி ஆனதும், யாரும் உரிமை கோராத ரெகுலேட்டர்களைக் கெர்னல் அணைத்துவிடும். வீண் செலவு கூடாது என்ற நியாயமான குணம். வைஃபையின் பகுதியில், என் மின்சாரம் இன்ன ரெகுலேட்டரிலிருந்து வருகிறது என்று சொல்லும் வரி விடுபட்டிருந்தது. உண்மையில் இருந்த உறவு எழுத்தில் இல்லை. ஆகவே கெர்னலைப் பொறுத்தவரை இல்லவே இல்லை.

இரவு பதினொரு மணிக்கு மேல் ஆகிவிட்டது. மின்சுற்று வரைபடம் பக்கத்திலேயே இருந்தது. அதைப் பிரித்து, கோட்டைத் தொடர்ந்து போய், உறவை உறுதி செய்துகொண்டு அந்த வரியை எழுதியிருக்கலாம். நான் செய்தது வேறு. ரெகுலேட்டரின் பகுதியில் ‘ஆல்வேஸ்-ஆன்’ என்ற சொல்லைச் சேர்த்தேன். இதை ஒருபோதும் அணைக்கக் கூடாது என்று அர்த்தம். வைஃபை நின்றது. நண்பர் சந்தோஷமாகப் போனார்.

அந்த வாக்கியம் பொய். அந்த ரெகுலேட்டரைத் தாராளமாக அணைக்கலாம். அணைப்பதற்கு வசதியாகத்தான் அதைத் தனியாக வைத்திருக்கிறார்கள். எனக்கு வேண்டியிருந்ததை, பலகையின் இயல்பு என்று எழுதிவைத்தேன். யந்திரம் நம்பியது. நம்புவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது.

நண்பர் அந்தக் கோப்பை இன்னொருவருக்குக் கொடுத்திருக்கிறார். அவரை நான் பார்த்ததில்லை. மலைச்சரிவில் மழை அளவைப் பதிய, அதே வகைப் பலகையை பேட்டரியில் வைத்திருந்தார். பெரும்பாலான நேரம் அது உறங்க வேண்டும்; விழித்து, பதிந்ததை அனுப்பிவிட்டு, மீண்டும் உறங்க வேண்டும். என் சொல்லால் வைஃபையின் மின்சாரம் உறக்கத்திலும் அணையவில்லை. வாரக்கணக்கில் வர வேண்டிய பேட்டரி சில நாட்களில் தீர்ந்தது. அந்த நாட்களில் மழை பெய்தது. எவ்வளவு என்பது இனி யாருக்கும் தெரியாது.

ஆபத்துக்குத் தற்காலிக உபாயம் செய்யக் கூடாதா என்று கேட்கலாம். செய்யலாம். அதற்கு நேர்மையான இடம் ஒன்று இருக்கிறது. பயன்படாத கடிகாரத் துடிப்புகளை நிறுத்தாதே என்று கட்டளை வரியில் சொல்ல ஒரு சொல் உண்டு. தடுமாறுகிறவர்கள் எல்லோரும் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அது அசட்டு உபாயமாக இருக்கலாம். ஆனால் உலகத்தைப் பற்றி எதையும் சாதிப்பதில்லை. எனக்கு இப்போது இப்படி வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. படிக்கிறவனுக்கு அது உபாயம் என்பது தெரியும். என்னுடையதோ கட்டளைதான், விவரணையின் உடுப்பைப் போட்டுக்கொண்டு போயிற்று. பக்கத்தில் ‘இது தற்காலிகம், காரணம் தெரியவில்லை’ என்று ஒரு குறிப்பு எழுதியிருந்தால்கூட அடுத்தவர் எச்சரிக்கையாகியிருப்பார். அறியாமை என் குற்றமல்ல. அறிந்ததைப் போன்ற வடிவத்தில் அறியாமையை வெளியே அனுப்பியதுதான் குற்றம்.

வேலை செய்கிறது என்பது ஒரு நிரூபணம் அல்ல என்று இப்போது நினைக்கிறேன். நண்பரின் அறையில், சுவரிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருந்தவரை, என் பொய்யும் விடுபட்ட உண்மையும் ஒரே பலனைத் தந்தன. வித்தியாசம் தெரிய இன்னொரு சூழ்நிலை வேண்டியிருந்தது. அதன் செலவை வேறொருவர் கொடுத்தார். பொய்யான விவரணை எழுதியவனிடமே உடைவது அபூர்வம். அவனுடைய தேவைக்கு ஏற்பத்தானே அது வெட்டப்பட்டிருக்கிறது.

நாமும் விவரணை எழுதுகிறவர்கள்தாம். ஒரு கவிதையைப் பற்றி, ஒரு தலைமுறையைப் பற்றி, இப்படி இருக்கிறது என்று எழுதும்போது எத்தனை முறை இப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்லியிருக்கிறோம் என்று கணக்குப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவற்றையும் நம்பி எழுந்து நடக்கிற ஒருவன் எங்காவது இருப்பான்.

வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. என் சொல்லை எடுத்துவிட்டு, விடுபட்ட அந்த ஒரு வரியை எழுதி நண்பருக்கு அனுப்பினேன். மழை பதிந்தவருக்கும் சேர்ப்பித்துவிட்டதாகச் சொன்னார். பழைய கோப்பு வேறு யாரிடமெல்லாம் போயிருக்கிறது என்று கேட்டேன். அவருக்கு ஞாபகம் இல்லை.